மொட்டை மாடியில் கிரில்... கரியா, கேஸா? வாங்கும் முன் இதைப் படிங்க!

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், "மாடியில கிரில் போடலாமா?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஸ்டார் ஹோட்டலில் மட்டும் பார்த்த விஷயம், இன்று மொட்டை மாடி, பண்ணை வீடு, ஏற்காடு டூர் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் சில்லறைக்கு மடக்கு அடுப்பும் கிடைக்கிறது, பல ஆயிரங்களுக்கு கேஸ் கிரில்லும் கிடைக்கிறது.

வாங்கலாம் என்று உட்கார்ந்தால்தான் வீட்டில் பட்டிமன்றமே ஆரம்பிக்கும்.

"கரியில சுட்டாதான்டா டேஸ்ட்டு" என்பார் அண்ணன்.

"யாருண்ணே அரை மணி நேரம் ஊதிக்கிட்டு உக்கார்றது? கேஸ்னா பட்டுனு பத்த வெச்சு பட்டுனு சுட்டுடலாம்" என்பார் தம்பி.

"எதுல வேணா சுடுங்கப்பா. மறுநாள் மாடிய யாரு கழுவுறது?" என்று அம்மா கேட்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ருசி, செலவு, உடம்பு, பாதுகாப்பு, அக்கம்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், வாங்கிய அடுப்பு நாலு மாதத்தில் பரணுக்குப் போகாது.

சுடுவது நமக்குப் புதுசா?

பெயர்தான் புதுசு. மெரினாவில் கரித்தணலில் விசிறி விசிறிச் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிற மக்காச்சோளம் கிரில்தான். கொத்சுக்கு கத்தரிக்காய் சுடுவதும், அடுப்புச் சாம்பலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்து வைப்பதும், அப்பளம் சுடுவதும் அதே வகைதான். ஆற்றில் பிடித்த மீனை அங்கேயே கம்பியில் கோத்துச் சுட்டுத் தின்ற கதை கிராமத்துத் தாத்தாக்கள் எல்லோரிடமும் இருக்கும்.

இப்போது வந்திருக்கும் முக்கியமான மாற்றம், அடுப்புக்கு மூடி வந்ததுதான். 1952-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த வெபர் உலோகப் பட்டறையில் தயாரான கடல் மிதவையின் உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றடித்தாலும் அணையாது, சாம்பல் பறக்காது, உள்ளே சூடு சுற்றி வரும். மூடி போட்ட கிரில்கள் இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பதில் அந்த அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் கரி அடுப்பு வாங்கினாலும் கேஸ் அடுப்பு வாங்கினாலும், மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடி இல்லாத அடுப்பில் கம்பியில் கோத்த சின்னத் துண்டுகளைச் சுடலாம். எலும்போடு இருக்கும் கோழிக்கால் வெளியே கருகி உள்ளே பச்சையாகத்தான் நிற்கும்.

ருசி எங்கிருந்து வருகிறது?

கரியில் சுட்டால் கரி வாசனை உணவில் ஏறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நன்றாகத் தணலாகிவிட்ட கரியிலிருந்து புகை ரொம்பக் குறைவாகவே வரும். விறகாக இருந்தபோது அதில் இருந்த மணப்பொருட்களில் பெரும்பகுதி, கரியாக மாறும்போதே வெளியேறிவிடுகிறது.

அந்த மணத்தில் பெரும்பங்கு மசாலாவிலிருந்தும் கொழுப்பிலிருந்தும்தான் வருகிறது. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் மசாலாச் சாறும் தணலில் விழுந்து 'உஸ்' என்று ஆவியாகி, அந்த ஆவி மேலே வந்து கறியிலேயே படிகிறது. கேஸ் கிரில்லிலும் இது நடக்கும். பர்னருக்கு மேலே சாய்வான இரும்புத் தகடோ எரிமலைக் கற்களோ வைத்திருப்பார்கள். சொட்டும் கொழுப்பு அதில் விழுந்து புகையும்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதனால் கேஸ் கிரில்லுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் ஈரப்பதமானது. தணலான கரியின் சூடு வறண்டது. அதோடு, சிவந்து நிற்கும் கரி வெயில் அடிப்பது போல நேரடியாகச் சூட்டை வீசுகிறது. கோழித்தோல் மொறுமொறுப்பாவதும், மீன் வெளியே முறுகி உள்ளே பஞ்சு போல இருப்பதும் கரியில் சுலபமாக வரும். மலிவான கேஸ் கிரில்களில் சூடு போதாமல் கறி வேகுமே தவிர முறுகாது.

பத்து நிமிஷத்தில் சுட்டு எடுக்கிற பனீர், காளான், குடைமிளகாய், அன்னாசித் துண்டு, இறால் எல்லாம் எதில் சுட்டாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். முழுக்கோழி, கோழிக்கால், மட்டன் சாப்ஸ், முழு சங்கரா மீன் மாதிரி நேரம் எடுத்துச் சுடுகிறவற்றில்தான் கரி ஜெயிக்கிறது.

எந்தக் கரி?

கடையில் 'பார்பிக்யூ கரி' என்று விற்பதில் பொதுவாக மூன்று வகை இருக்கும்.

மரக்கரி: தமிழ்நாட்டில் பெரும்பாலும் இது சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுப்பது. வெட்டிய விறகை அடுக்கி, வைக்கோல், இலைதழை போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் புகையவிடுவார்கள். நான்கைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். இரவும் பகலும் மூட்டத்தைக் காவல் காக்க வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டால் காற்று புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும். அந்தப் புகையில் நின்று வேலை செய்பவர்களின் உழைப்புதான் நம் வீட்டு மாடிக்கு மூட்டையாக வருகிறது.

நிலத்தடி நீரைக் குடிக்கிறது, விளைநிலத்தைக் கெடுக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கும் இந்தச் சீமைக்கருவேலம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பார்பிக்யூவுக்குத் தேடி வாங்கும் 'மெஸ்கிட்' மரத்தின் நெருங்கிய உறவு. நல்ல சூடு தரும், சீக்கிரம் பற்றும். ஆனால் சரியாக வேகாத துண்டுகள் மூட்டையில் இருந்தால் புகை கக்கும், பொறி தெறிக்கும். கரியைத் தட்டினால் 'டங்' என்று உலோகம் போலச் சத்தம் வர வேண்டும். பழுப்பு நிறத்தில் மரம் தெரிகிற துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

கொட்டாங்குச்சிக் கரி: தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வருவது. கெட்டியானது. பற்றுவதற்கு நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் நின்று எரியும். புகை குறைவு. காங்கேயம் பக்கம் சிரட்டைக் கரித் தொழில் பெரிதாக நடக்கிறது. மரம் வெட்டாமல், வீணாகும் பொருளிலிருந்து கிடைப்பது இதன் கூடுதல் பெருமை.

கரிக்கட்டி: கரித்தூளை மாவுப்பசையோடு பிசைந்து அச்சில் அழுத்திச் செய்வது. அமெரிக்காவில் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 1920-களில் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை இப்படிக் கட்டியாக்கி விற்றார். ஒரே அளவில் இருப்பதால் சூடு சீராக இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது. சாம்பல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: சாம்பிராணிக்கும் ஹூக்காவுக்கும் விற்கும், தீக்குச்சி காட்டியதும் பொறிந்து பற்றும் கரி வில்லைகளில் வெடியுப்பு போன்ற பொருட்களைச் சேர்த்திருப்பார்கள். அவை சமையலுக்கு வேண்டாம்.

கரியைப் பற்றவைக்க ஒரு சுலப வழி

பெரும்பாலானோர் கரியை வெறுப்பது இந்த இடத்தில்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். அதன் வாடை கறியில் ஏறும். எரிகிற கரியில் ஊற்றினால் தீ பாட்டில் வரைக்கும் ஏறி வரும்.

பழைய பெரிய எண்ணெய் டின் ஒன்றின் மேல்மூடியையும் அடியையும் வெட்டி எடுத்து, பக்கவாட்டில் கீழே வரிசையாகத் துளை போடுங்கள். உள்ளே அடியில் ஒரு கம்பி வலை. வலைக்குக் கீழே கசக்கிய காகிதம் அல்லது காய்ந்த தேங்காய் நார், மேலே கரி. கீழே பற்றவைத்தால் போதும், சூடான காற்று மேலே ஏற ஏற கீழிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஊதவும் வேண்டாம், விசிறவும் வேண்டாம். 20 நிமிஷத்தில் கரி தயார். தடித்த கையுறையோ இடுக்கியோ இல்லாமல் அந்த டின்னைத் தொடக்கூடாது.

கரி கறுப்பாக இருக்கும்போதே கறியை வைப்பதுதான் பலரும் செய்யும் அவசரம். மேலே வெள்ளையாக நீறு பூத்த பிறகுதான் வைக்க வேண்டும். எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ள உள்ளங்கையே போதும். கம்பி வலைக்கு மேலே ஒரு ஜாண் உயரத்துக்குள் கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் எடுக்கத் தோன்றினால் நல்ல சூடு. நான்கைந்து விநாடி தாங்கினால் மிதமான சூடு. அதற்கு மேல் தாங்கினால் இன்னும் கரி வேண்டும்.

தணலை அடுப்பு முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். தணல் பக்கம் முறுக வைத்துவிட்டு, மறு பக்கம் தள்ளி மூடி போட்டால் எலும்பு வரைக்கும் வேகும். கேஸ் கிரில்லிலும் இதே தந்திரம்தான். ஒரு பர்னரை எரியவிட்டு இன்னொன்றை அணைத்துவிட வேண்டும்.

கேஸ் கிரில்: வசதிக்கு நூறு மார்க்!

திருகினால் தீ. பத்து நிமிஷத்தில் அடுப்பு சூடாகிவிடும். சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். திடீர் மழை வந்தால் அணைத்துவிட்டு ஓடலாம். சாம்பல் கிடையாது. வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி எட்டு மணிக்கு நாலு துண்டு பனீர் சுட வேண்டும் என்றால் கேஸை மிஞ்ச எதுவும் இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கும் குனிந்து நிமிராமல் நின்றபடி சுடுவது பெரிய உதவி.

ஆனால் சிலிண்டரை மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது? வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ. உருளையின் எடையையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம் வந்துவிடும். அதை வாராவாரம் படியேற்றி இறக்குவது இடுப்புக்கும் நல்லதல்ல, சிலிண்டருக்கும் நல்லதல்ல. 5 கிலோ சின்னச் சிலிண்டர்கள் கிடைக்கின்றன. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். கிலோ கணக்கில் பார்த்தால் விலை வீட்டுச் சிலிண்டரைவிடக் கூடுதலாக இருக்கும்.

எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் பள்ளமான இடத்திலோ, படிக்கட்டு வாய்க்கு அருகிலோ சிலிண்டரை வைக்காதீர்கள். எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமாகவே வெளியே வந்து தீ பெரிதாகும்.

ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் முன், சோப்பு நுரையை ரெகுலேட்டர் இணைப்பிலும் டியூபிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிச் சோதிக்கவே கூடாது. டியூபை ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள், வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டிருந்தால் உடனே. கிரில்லின் மூடியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மூடியபடி கேஸைத் திறந்தால் உள்ளே தேங்கி, பொறி பட்டதும் முகத்தில் அடிக்கும். கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906. இதைப் போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கிரில் கொண்டுவந்து கொடுத்தால், இணைப்பும் ரெகுலேட்டரும் நம் சிலிண்டருக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாததைக் கம்பி சுற்றி, டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

பர்ஸ் என்ன சொல்கிறது?

ஒரு கிலோ எல்.பி.ஜியில் இருக்கும் சூடு, ஒரு கிலோ கரியில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதோடு கரி பற்ற 20 நிமிஷம், சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு மணி நேரம் சும்மா எரியும். கேஸை வேண்டும்போது மட்டும் எரிக்கலாம்.

ஆறு பேருக்குச் சுட ஒன்றரை கிலோ கரியாவது வேண்டும். இரண்டு பர்னர் கொண்ட சின்ன கேஸ் கிரில் ஒரு மணி நேரம் முழுவேகத்தில் எரிந்தால் அரை கிலோ கேஸுக்குள்தான் செலவாகும். ஆக, ஒவ்வொரு முறையும் ஆகும் செலவில் கேஸ்தான் சிக்கனம்.

அடுப்பின் விலையில் கதை தலைகீழ். உதாரணத்துக்கு, இரண்டு அடுப்புக்கும் விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றும், கேஸில் சுட்டால் ஒரு தடவைக்கு 80 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட பணத்தை எடுக்க 100 தடவை சுட வேண்டும். மாதம் இரண்டு முறை சுட்டால்கூட நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். பொங்கல் விடுமுறை, பிறந்தநாள், புத்தாண்டு என்று வருஷத்துக்கு நாலு தடவை சுடுகிற வீட்டுக்கு கேஸ் கிரில் வெறும் அலங்காரம்தான். அந்தப் பணத்தில் கனமான தகடும் நல்ல மூடியும் உள்ள கரி அடுப்பு வாங்கலாம்.

உடம்புக்கு எது நல்லது?

"கரியில் சுட்டால் கேன்சர் வருமாமே?" என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இறைச்சியை அதிகச் சூட்டில் கருக விட்டாலும், கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகை இறைச்சியில் படிந்தாலும், நல்லதல்லாத வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. அவற்றில் சில புற்றுநோயோடு தொடர்புடையவை. இது கேஸிலும் நடக்கும், கரியிலும் நடக்கும். கரியில் கொழுப்பு நேராகத் தணலில் விழுவதாலும் சூட்டைக் குறைப்பது கடினம் என்பதாலும் கொஞ்சம் அதிகம் நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலிலும், ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சியை 'உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலிலும் சேர்த்தது. அதனால் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் சாசேஜ் பாக்கெட்டைத் தணலில் போட வேண்டாம்.

பயந்து அடுப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுச் சுடுங்கள். தீ கொழுந்துவிட்டால் கறியை உடனே பக்கவாட்டில் நகர்த்துங்கள். அடிக்கடி திருப்பிப் போடுங்கள். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். தயிர், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, மஞ்சள் போட்டு ஊறவைப்பது நம் வழக்கம்தானே? இப்படி ஊறவைத்தால் அந்த வேதிப்பொருட்களில் சில குறைகின்றன. காய்கறிகளில் இந்தச் சிக்கல் இறைச்சியைவிட மிகக் குறைவு. எனவே தட்டில் பாதி சோளம், கத்தரி, குடைமிளகாய் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு கேஸே மேல். கரி அடுப்புதான் என்றால் அவர்கள் புகை வராத பக்கம் தள்ளி உட்காரட்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு ஆபத்து, கெட்டுப்போகும் கறி. ஊறவைத்த சிக்கனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சுடும் நேரம் வரை மாடியில் வெளியே வைத்திருக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. பச்சைக் கறி வைத்த தட்டில் சுட்ட கறியை வைக்கக்கூடாது. மிச்சமான மசாலாவை வெந்த கறி மேல் தடவக்கூடாது. கோழியின் சதைப்பிடிப்பான இடத்தில் சூடு 74 டிகிரியைத் தொட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உணவு வெப்பமானி அடுப்பைவிட முக்கியமான முதலீடு!

உயிர் விஷயம்... தயவுசெய்து கவனியுங்கள்

குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று, சமைத்து முடித்த கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துப்போய் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள், காலையில் எழுந்திருக்கவேயில்லை. கொடைக்கானல் மாதிரியான மலை வாசஸ்தலங்களிலிருந்து இப்படிச் செய்திகள் வந்திருக்கின்றன.

காரணம் கார்பன் மோனாக்சைடு. கரி எரியும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. புகை இல்லையே, மேலே சாம்பல் பூத்துவிட்டதே என்று நினைக்கும் நேரத்திலும் உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

அறை, கூடாரம், கார், மூடிய பால்கனி, ஷட்டர் போட்ட கார் ஷெட் எதிலும் கரி அடுப்பு கூடாது. மழை வந்துவிட்டது என்று எரிகிற அடுப்பை உள்ளே தூக்கி வரக்கூடாது. கேஸ் கிரில்லும் வெளியில் பயன்படுத்துவதற்குத்தான். யாருக்காவது மயக்கம் வந்தால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். மலைக்கு டூர் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

மாடியும் அக்கம்பக்கமும்

மாடியில் தட்டோடு பதித்திருந்தாலோ, வெயிலுக்கு வெள்ளைப் பூச்சு, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடித்திருந்தாலோ, அடுப்பின் சூடும் எண்ணெயும் அதைக் கெடுக்கும். நாலு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு தகடு போட்டு அடுப்பை வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, கேபிள் வயர், கீற்றுக் கொட்டகை இவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் கட்டாயம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது.

கரி அடுப்பில் வேலை முடிவதில்லை. சாம்பலுக்குள் மறுநாள் வரை கங்கு இருக்கலாம். அதைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் தீப்பிடித்த வீடுகள் உண்டு. மூடியைப் போட்டு காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் கரி தானாக அணையும். மிச்சக் கரியை அடுத்த முறையும் பயன்படுத்தலாம். நன்றாக ஆறிய பிறகு சாம்பலை இரும்பு டின்னில் எடுங்கள். கம்பி வலையைச் சுத்தம் செய்ய வயர் பிரஷ்ஷைவிட, சூடாக இருக்கும்போதே பாதியாக வெட்டிய வெங்காயத்தை இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பது நல்லது. பிரஷ்ஷின் கம்பி முள் வலையில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குள் போகும் அபாயம் உண்டு.

அபார்ட்மென்ட் என்றால் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல இடங்களில் மாடியில் தீ மூட்ட அனுமதி இல்லை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் சாயங்காலம் காற்று கடலிலிருந்து வரும். புகை மேற்குப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும். அங்கே சைவக் குடும்பம் இருக்கலாம், காயப்போட்ட துணி இருக்கலாம், இழுப்பு நோய் உள்ள பெரியவர் இருக்கலாம். "இன்னிக்கு மாடியில கொஞ்சம் சுடப்போறோம் மாமி, ஜன்னலச் சாத்திக்கிறீங்களா?" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சுட்ட சோளம் நாலு கொடுத்தனுப்பினால் சண்டை வராது!

ஊர் அளவிலும் இந்தப் புகை ஒரு கேள்விதான். டெல்லியில் காற்று மாசு கூடும் நாட்களில் ஹோட்டல் தந்தூர்களில் நிலக்கரி, விறகு எரிக்கத் தடை போடுகிறார்கள். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரி வண்டியின் கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். கேஸும் பூமியிலிருந்து எடுக்கும் எரிபொருள்தான், பாதிக்கும் மேல் இறக்குமதி. எனவே இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எதை எரித்தாலும் வீணாக்காமல் எரிப்பதே நம் கையில் இருப்பது.

ரெண்டும் வேணும் என்பவர்களுக்கு...

கேஸ் வசதி வேண்டும், கரி மணமும் வேண்டுமா? வழி இருக்கிறது. கேஸில் சுட்ட கறியை ஒரு பாத்திரத்தில் போட்டு, நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வையுங்கள். ஒரே ஒரு கரித்துண்டைச் சிவக்கச் சுட்டுக் கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் அரை ஸ்பூன் நெய் விட்டு, உடனே பாத்திரத்தை மூடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். வட இந்தியச் சமையலில் பருப்புக்கும் கபாபுக்கும் காலங்காலமாகச் செய்வது இது. திறந்ததும் வரும் மணத்துக்கு மாடி வரை ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஒரே துண்டானாலும் ஜன்னலைத் திறந்துவைத்தே செய்யுங்கள்.

அபார்ட்மென்ட்டில் தீக்கே அனுமதி இல்லை என்றால் எலெக்ட்ரிக் கிரில் இருக்கிறது. பெரும்பாலும் ஏசி, கெய்சருக்குப் போடும் பெரிய ப்ளக் பாயின்ட் தேவைப்படும். எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு ஓட்டாதீர்கள்.

எது யாருக்கு?

வருஷத்துக்கு நாலைந்து தடவை, சொந்த மாடி அல்லது தோட்டம், கூட்டமாக உறவினர்கள், நேரம் நிறைய: கரி.

மாதம் இரண்டு மூன்று தடவை, வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் காய்கறி, பனீர், மீன்: கேஸ்.

கைக்குழந்தையோ மூச்சுப் பிரச்னை உள்ளவரோ இருக்கும் வீடு: கேஸ் அல்லது எலெக்ட்ரிக்.

டூருக்கு எடுத்துப்போக: சின்னக் கரி அடுப்பு. ராத்திரி அது வெளியேதான் தூங்க வேண்டும், நாம் உள்ளே.

இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லையா? முதலில் நண்பரிடம் ஒரு கரி அடுப்பை இரவல் வாங்கி, ஒரு சனிக்கிழமை சுட்டுப் பாருங்கள். பற்றவைப்பதில் தொடங்கி மறுநாள் சாம்பல் அள்ளும் வரை எல்லா வேலையையும் வீட்டில் உள்ளவர்கள் பங்கு போட்டுச் செய்யட்டும். மறுபடியும் "எப்பப்பா சுடலாம்?" என்று கேட்டால் கரி அடுப்பு வாங்குங்கள். "சாப்பிட்டது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..." என்று இழுத்தால், உங்கள் வீட்டுக்கு கேஸ்தான்!